குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்படும் கட்டி... குழந்தைகளின் கிட்னியைத் தாக்கும் வில்ம்ஸ் ட்யூமர்: கண்டுபிடிப்பது முதல் குணமாவது வரை!

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். மூன்று வயசுக் குழந்தை. வயிற்றில் எண்ணெய் தேய்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி ஏதோ கையில் தட்டுப்படுகிறது. குழந்தைக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எண்ணெய்க் கையோடு பிடிக்க முடியாத அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "தொப்பைதான், நல்லா சாப்பிடுறான்ல"ன்னு வீட்டில் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, "குடலேற்றமா இருக்கும், தட்டிவிட்டா சரியாகிடும்"ன்னு யாராவது சொல்வார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் பூச்சி மருந்து.

வில்ம்ஸ் ட்யூமர் வந்த நிறைய குழந்தைகளின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஸ்கேனிலோ லேபிலோ இல்லை, வீட்டுக் குளியலறையில்! குழந்தையைக் குளிப்பாட்டும் அம்மாவோ, உடை மாற்றிவிடும் அப்பாவோதான் பெரும்பாலும் இந்தக் கட்டியை முதலில் தொட்டுப் பார்ப்பவர்கள்.

பெயரைக் கேட்டதும் பயம் வரும். ஆனால், முதலிலேயே ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிடலாம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. சிகிச்சை வசதி நன்றாக உள்ள நாடுகளில் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைத்துவிடுகிறார்கள். வசதி குறைந்த நாடுகளில் அந்த எண்ணிக்கை குறைகிறது. நோய் அங்கே வேறு மாதிரி இருப்பது மட்டும் காரணம் இல்லை. தாமதமாக வருவதும், பாதியில் சிகிச்சையை நிறுத்துவதும் முக்கியக் காரணங்கள். அந்த இரண்டையும் தவிர்க்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பார்க்கலாம்.

வில்ம்ஸ் ட்யூமர்... அது என்ன?

மருத்துவப் பெயர் நெஃப்ரோபிளாஸ்டோமா. ஜெர்மன் அறுவை சிகிச்சை நிபுணர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899-ல் இந்தக் கட்டியைப் பற்றி விரிவாக எழுதியதால், அவர் பெயரே நிலைத்துவிட்டது.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது, கிட்னியை உருவாக்குவதற்கென்றே சில இளம் செல்கள் இருக்கும். பிரசவத்துக்கு முன்பே அவை வளர்ந்து, முழுமையான கிட்னி செல்களாக மாறிவிட வேண்டும. சில குழந்தைகளுக்கு அவற்றில் கொஞ்சம் மாறாமல் அப்படியே தங்கிவிடும். அப்படித் தங்கிய செல்கள் பிறகு கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அதுதான் இந்தக் கட்டி.

இது அரிதான நோய். ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஆனால், குழந்தைகளுக்கு வரும் கிட்னி புற்றுநோய்களை மட்டும் எடுத்தால், 10-ல் 9 இந்த வகைதான். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். 3, 4 வயதில் அதிகம். பெரியவர்களுக்கு வரும் கிட்னி கேன்சர் வேறு வகை, அதன் சிகிச்சையும் வேறு. அதனால் "எங்க மாமாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு"ன்னு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

'நாங்க என்ன தப்பு பண்ணோம்?'

பெற்றோர் மனதில் வரும் முதல் கேள்வி இது. பதில்: எதுவும் இல்லை. கர்ப்ப காலத்தில் அம்மா சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, குழந்தை கீழே விழுந்ததாலோ இது வருவதில்லை. தொற்றும் கிடையாது. குடும்பத்தில் இன்னொருவருக்கு இதே நோய் இருப்பதும் மிக அபூர்வம். 100-ல் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத்தான் அப்படி இருக்கும்.

சில குழந்தைகளுக்கு மட்டும் பிறவியிலேயே இதற்கான வாய்ப்பு கூடுதல். கண்ணில் கருவிழியைச் சுற்றியுள்ள நிறப்பகுதி இல்லாமல் பிறப்பவர்கள், உடம்பின் ஒரு பக்கக் கை கால் மறுபக்கத்தைவிடப் பெரிதாக இருப்பவர்கள், பிறக்கும்போதே நாக்கும் உடம்பும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும் பெக்வித் வீடமன் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோர் இதில் அடக்கம். இந்தக் குழந்தைகளுக்குச் சுமார் 7 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கட்டி வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்பதுதான் காரணம்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்கணும்?

* வயிற்றின் ஒரு பக்கத்தில், விலாவுக்குக் கீழே, வழுவழுப்பாகவும் கெட்டியாகவும் ஒரு கட்டி. பெரும்பாலும் வலி இருக்காது.
* வயிறு திடீரெனப் பெரிதாவது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பது, டவுசர் இடுப்பில் மட்டும் இறுக்குவது.
* சிறுநீரில் ரத்தம். இளஞ்சிவப்பாகவோ, டீ டிகாஷன் நிறத்திலோ போகலாம்.
* காரணம் தெரியாத காய்ச்சல், பசியின்மை, மலச்சிக்கல், வயிற்று வலி.
* உயர் ரத்த அழுத்தம். 'மூணு வயசுக் குழந்தைக்கு பிபியா?' என்று தோன்றும். ஆனால், இந்த நோயில் அது வரக்கூடியதுதான். குழந்தைக்கு அளக்கச் சின்ன பட்டை தேவை என்பதால், பிபி பார்க்கச் சொல்லி நாமே டாக்டரிடம் கேட்கலாம்.

இவை எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை. நன்றாக விளையாடும் குழந்தையின் வயிற்றில் ஒரு கட்டி, அவ்வளவுதான் பலருக்கு. ஏமாற்றுவதும் அதுதான்.

வயிற்றில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோயும் இல்லை. கட்டிய மலம், கிட்னியில் நீர் கோத்துக்கொள்வது, மண்ணீரல் வீக்கம் என்று பல காரணங்கள் உண்டு. எது என்பதைக் கையால் அழுத்திப் பார்த்து வீட்டில் முடிவு செய்ய முடியாது. ஒரு அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் சொல்லிவிடும்.

அழுத்தாதீங்க... தட்டாதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் இருக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வயிற்றில் கட்டி இருக்கிறது என்று சந்தேகம் வந்த பிறகு அந்த வயிற்றை அழுத்தவோ, உருவவோ, தட்டவோ கூடாது.

வில்ம்ஸ் கட்டி மெல்லிய உறைக்குள் இருக்கும், உள்ளே மென்மையானது. அடிபட்டாலோ அழுத்தினாலோ உடையலாம். உடைந்தால் உள்ளே ரத்தம் கசியும், புற்று செல்கள் வயிறு முழுக்கச் சிதறும். முதல் நிலையில் இருந்த நோய் ஒரே நாளில் மூன்றாம் நிலைக்குப் போய்விடும். அதன் பிறகு கீமோ அதிகம், கதிர்வீச்சும் தேவைப்படும்.

நம்ம ஊரில் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் குடல் தட்டுவதும், உரம் எடுப்பதும், எண்ணெய் போட்டு வயிற்றை உருவிவிடுவதும் பழக்கம். பாட்டியின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், கட்டி உள்ள வயிற்றுக்கு அந்தப் பாசமே ஆபத்து. "ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் தட்டிக்கலாம் பாட்டி"ன்னு சொல்லித் தடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். ஆஸ்பத்திரியில்கூட, ஒருவர் பார்த்த பிறகு திரும்பத் திரும்ப அழுத்துவதைத் தவிர்ப்பார்கள். குழந்தை கட்டிலில் இருந்து குதிப்பது, சைக்கிள் ஓட்டுவது, அண்ணனோடு மல்லுக்கட்டுவது எல்லாவற்றுக்கும் அதுவரை தடா!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் குழந்தை நல டாக்டர். அவர் பார்த்ததும் எழுதிக் கொடுப்பது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். கட்டி கிட்னியில் இருந்துதான் கிளம்புகிறதா, திடமானதா நீர் நிறைந்ததா என்று இதிலேயே தெரியும். ஸ்கேனிலேயே உள்ள டாப்ளர் முறையில் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். இந்தக் கட்டி கிட்னியின் ரத்தக்குழாய் வழியாக நுழைந்து, இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் வரை நீளக்கூடியது. ஆபரேஷனுக்கு முன்பே அது தெரிந்தாக வேண்டும்.

அடுத்து வயிற்றுக்கு சிடி அல்லது எம்.ஆர்.ஐ ஸ்கேன். கட்டியின் அளவு என்ன, மறுபக்கக் கிட்னி நன்றாக இருக்கிறதா, நெறிகட்டிகளில் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவே நெஞ்சுக்கும் சிடி. ஏனென்றால், இந்த நோய் பரவினால் முதலில் போவது பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளும் உண்டு. அட்ரீனல் சுரப்பியில் வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற வேறொரு கட்டியும் இதே வயதில், இதே இடத்தில் வரும். சிறுநீரில் சில வேதிப்பொருள்களை அளந்து அதைப் பிரித்தறிய முடியும்.

'பயாப்ஸி எடுக்கவே இல்லையே, எப்படி கேன்சர்னு சொல்றாங்க?' என்று பல பெற்றோர் குழம்புவார்கள். நியாயமான கேள்வி. ஊசி போட்டு எடுக்கும்போது செல்கள் சிதற வாய்ப்பு உண்டு என்பதால், இந்த நோயில் எல்லோருக்கும் பயாப்ஸி எடுப்பதில்லை. வயதும் ஸ்கேனும் தெளிவாக வில்ம்ஸ் என்று காட்டினால், நேரடியாகச் சிகிச்சையைத் தொடங்குவது பல நாடுகளில் ஏற்கப்பட்ட முறை. வயது பொருந்தவில்லை, ஸ்கேனில் சந்தேகம் என்றால் மட்டும் எடுப்பார்கள்.

முதலில் கீமோவா, ஆபரேஷனா?

உலகத்தில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்க முறையில் முதலில் ஆபரேஷன், பிறகு கீமோ. ஐரோப்பிய முறையில் முதலில் சில வாரங்கள் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன். இரண்டிலும் குணமாகும் விகிதம் ஏறக்குறைய சமம். கட்டி சுருங்கினால் ஆபரேஷனின்போது உடையும் ஆபத்து குறைகிறது. நம் நாட்டில் கட்டி நன்றாகப் பெரிதான பிறகே பல குழந்தைகள் வருவதால், முதலில் கீமோ என்ற வழியைப் பல மையங்கள் எடுக்கின்றன. அதனால் ஒரு டாக்டர் ஆபரேஷன் என்றும் இன்னொருவர் கீமோ என்றும் சொன்னால், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை.

முதலில் கீமோ என்றால், நோய் பரவாத குழந்தைக்கு வழக்கமாக நான்கு வாரங்கள். வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் டி என்று இரண்டு மருந்துகள். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் டாக்ஸோரூபிசின் என்ற மூன்றாவது மருந்தும் சேர்ந்து, ஆறு வாரங்கள் ஆகும்.

இதில் வின்கிரிஸ்டினுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியில் இருந்துதான் அந்த மருந்து கிடைத்தது. தென் மாவட்டங்களில் மருந்துத் தேவைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். உடனே "அப்போ செடியை அரைச்சுக் கொடுத்திடலாமே"ன்னு கிளம்ப வேண்டாம். செடி விஷத்தன்மை உள்ளது. டன் கணக்கில் இலையைச் சேர்த்தால்தான் துளியளவு மருந்து கிடைக்கும். அதையும் குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டு நரம்பில் ஏற்ற வேண்டும்.

ஆபரேஷனில் கட்டியோடு அந்தக் கிட்னி முழுவதையும், உடைந்துவிடாமல் எடுப்பார்கள். பக்கத்தில் உள்ள நெறிகட்டிகளையும் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்த வேலையைக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர், அதுவும் இதில் பழக்கம் உள்ளவர் செய்வது நல்லது. 100-ல் 5 முதல் 10 குழந்தைகளுக்கு இரண்டு கிட்னியிலும் கட்டி இருக்கும். அவர்களுக்குக் கீமோவால் சுருக்கிவிட்டு, கட்டியை மட்டும் வெட்டி, முடிந்தவரை கிட்னியைக் காப்பாற்றுவார்கள்.

ஸ்டேஜ் என்றால் என்ன?

1: கட்டி கிட்னிக்குள்ளேயே இருக்கிறது, முழுதாக எடுத்தாயிற்று.
2: கிட்னியைத் தாண்டிக் கொஞ்சம் வந்திருக்கிறது, ஆனாலும் முழுதாக எடுத்தாயிற்று.
3: வயிற்றுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அல்லது கட்டி உடைந்தது, அல்லது வயிற்று நெறிகட்டிகளில் பரவியிருக்கிறது.
4: நுரையீரல், கல்லீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறது.
5: இரண்டு கிட்னியிலும் கட்டி.

பெரியவர்களுக்கு நான்காம் ஸ்டேஜ் என்றால் கையை விரித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். இங்கே அப்படி இல்லை. நுரையீரலுக்குப் பரவிய பிறகும் நல்ல சிகிச்சையில் குணமாகும் குழந்தைகள் நிறைய பேர். ஸ்டேஜ் அளவுக்கே முக்கியம், மைக்ராஸ்கோப்பில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்துக்கு மடியும் வகை. சிறிய பங்கினருக்கு மட்டும் 'அனாபிளாசியா' என்ற முரட்டு வகை. அவர்களுக்குச் சிகிச்சையும் கடுமையாக இருக்கும்.

இந்த இரண்டையும் வைத்துத்தான் அடுத்த கட்டம் முடிவாகும். சில குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வாரக் கீமோவோடு முடிந்துவிடும். பலருக்கு ஆறு மாதம் வரை நீளும், சிலருக்கு அதற்கு மேலும். மூன்றாம் ஸ்டேஜ் என்றால் வயிற்றுக்குக் கதிர்வீச்சு. நுரையீரலில் உள்ளவை கீமோவில் மறையவில்லை என்றால் அங்கும் கொடுப்பார்கள்.

கீமோ நாள்களில் வீட்டில் என்ன கவனிக்கணும்?

முடி கொட்டும், திரும்ப முளைக்கும். வின்கிரிஸ்டினால் மலச்சிக்கல், தாடை வலி, நடக்கும்போது பாதம் தொங்குவது போன்றவை வரலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மிக முக்கியமானது காய்ச்சல். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். "காலையில பார்க்கலாம்"ன்னு காய்ச்சல் மருந்து கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது, அந்த இரவே ஆஸ்பத்திரி. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. டாக்டரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும், எந்த நாட்டு மருந்தும் வேண்டாம்.

'கட்டிதான் எடுத்தாச்சே!'

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் குழந்தை பழையபடி ஓடும், சாப்பிடும், சண்டை போடும். வயிற்றில் கட்டி இல்லை. ஆனால், மாதாமாதம் ஊசி, மொட்டைத் தலை, ஊரில் இருந்து பஸ் ஏறி வருவது, அப்பாவுக்கு வேலை போவது... "கட்டிதான் எடுத்தாச்சே, இன்னும் ஏன் குழந்தையை வதைக்கணும்?" என்று யாராவது கேட்பார்கள். சிகிச்சை நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கண்ணுக்குத் தெரியும் கட்டியை ஆபரேஷன் எடுக்கிறது, தெரியாத செல்களைக் கீமோ அழிக்கிறது. வரலாறே இதற்குச் சாட்சி. கீமோ வருவதற்கு முன், வெறும் ஆபரேஷன் மட்டும் செய்த காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் இறந்துபோனார்கள். 1950-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ஆக்டினோமைசின் டி மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் சேர்ந்ததால்தான் இன்று 10-ல் 9 பேர். அதில் ஒரு காலை உருவிவிட்டால் முக்காலி நிற்காது.

திரும்பி வரும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வருகிறது. முதல் முறை குணப்படுத்துவதைவிட அது கஷ்டம். அதனால் போக முடியவில்லை என்றால், நிறுத்திவிடாமல் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து காரணத்தைச் சொல்லுங்கள். மருந்துக்கு, தங்குவதற்கு, பஸ் செலவுக்கு உதவி ஏற்பாடு செய்ய பல மையங்களில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள்.

எங்கே போகலாம், செலவுக்கு என்ன செய்வது?

குழந்தைகள் புற்றுநோய் நிபுணர், அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு வசதி மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம்தான் சரி. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர் போன்றவை பலருக்கும் தெரிந்தவை. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் உண்டு. தகுதி உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் வருகின்றன. எது எவ்வளவு வரை என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்டரில் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் சிடி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் ஒரே ஃபோல்டரில் வைத்திருப்பது பின்னால் நிறைய அலைச்சலைக் குறைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் குழந்தைகள் புற்றுநோய்க்காகத் தொடங்கிய திட்டத்தில் தனிக் கவனத்துக்கு எடுத்துக்கொண்ட ஆறு நோய்களில் வில்ம்ஸ் ட்யூமரும் ஒன்று. குணப்படுத்த முடியும் என்று தெரிந்த நோய்க்குக் குழந்தைகள் இறக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஒரு கிட்னியோடு வாழ முடியுமா?

தாராளமாக. கிட்னி தானம் கொடுத்தவர்கள் ஒன்றோடுதானே வாழ்கிறார்கள்! மிச்சம் உள்ள கிட்னி கொஞ்சம் பெரிதாகி இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். ஸ்கூல், விளையாட்டு, வேலை, கல்யாணம் எதற்கும் தடை இல்லை. வயிற்றில் பலமாக அடிபடும் விளையாட்டுகளுக்கு மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் நன்றாகக் குடிக்கணும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிபியும் சிறுநீரும் பார்க்கணும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தவிர்க்கணும். டாக்ஸோரூபிசின் போட்டவர்கள் பெரியவர்களான பிறகும் அவ்வப்போது இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. அதனால் குழந்தைக்கு என்ன சிகிச்சை, எந்த மருந்து எவ்வளவு என்ற சுருக்கத்தை எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 25 வயதில் அவர்களே ஒரு டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்தத் தாள் பேசும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தினமும் கட்டி தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இது அரிதான நோய். குளிப்பாட்டும்போது கை சொல்வதைக் கேட்டால் போதும். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் அழுத்தாமல், தள்ளிப்போடாமல், அந்த வாரத்திலேயே ஒரு ஸ்கேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதி. ஏதாவது இருந்தாலும், நேரத்தோடு வந்துவிட்டீர்கள்!